இன்னொரு நியூட்டன்



நியூட்டன் என்ற பெயரைக் கேட்டதும் நமக்கெல்லாம் முதலாமாண்டு பிசிக்ஸும், மூன்று விதிகளும், அந்த ஆப்பிளும்தான் ஞாபகத்துக்கு வரும். நான் எழுத வந்தது அவரைப் பற்றி அல்ல. இவர் ஜான் நியூட்டன். ஐசக் நியூட்டன் 1727-ல் காலமானபோது இவர் இரண்டு வயது கூட நிரம்பாத குழந்தை. எந்த விதியையும் கண்டுபிடிக்கவில்லை. சொல்லப்போனால் இருபத்திரண்டு வயது வரை உருப்படியாக எதுவுமே செய்யவில்லை! ஆனாலும் கடவுளின் அன்பு, விசுவாசத்தினால் இரட்சிப்பு என்றெல்லாம் கிறிஸ்தவர்கள் சொல்கிறார்களே, அது என்ன என்று விளங்கிக்கொள்ள இவர் வாழ்க்கையைவிடப் பொருத்தமான ஒன்றை நான் படித்ததில்லை.

1725 ஜூலை 24-ல் லண்டனில், தேம்ஸ் நதிக்கரையில் உள்ள வாப்பிங் பகுதியில் பிறந்தார். அப்பா வணிகக் கப்பலின் கேப்டன். வருடத்தில் பாதி நாள் கடலில்தான் இருப்பார். அம்மா காசநோய்க்காரி. மடியில் உட்கார வைத்து வேத வசனங்களையும் பாடல்களையும் சொல்லிக் கொடுத்தார். பையன் ஒரு போதகராக வரவேண்டும் என்பது அந்தத் தாயின் ஆசை. பையனுக்கு ஏழு வயது ஆவதற்குள் அவர் கண்ணை மூடிவிட்டார்.

பதினோரு வயதில் அப்பாவுடன் கப்பலேறினான் பையன். பிறகு ஆங்கிலேயக் கடற்படை இவரைப் பலவந்தமாகப் பிடித்துக்கொண்டு போயிற்று. ஹார்விச் என்ற போர்க்கப்பலில் வேலை. அங்கிருந்து ஓடப் பார்த்தார், பிடிபட்டார். சட்டையைக் கழற்றிச் சவுக்கடி கொடுத்தார்கள். பதவியும் போயிற்று. கடவுளாவது மண்ணாங்கட்டியாவது என்று பேசுவதும், அம்மா சொல்லிக் கொடுத்ததையெல்லாம் கேலி செய்வதும், நம்புகிற மற்றவர்களைக் கெடுப்பதும் அவருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது.

கடற்படையிலிருந்து ஓர் அடிமை வியாபாரக் கப்பலுக்கு மாறி, மேற்கு ஆப்பிரிக்காவில் இன்றைய சியரா லியோன் நாட்டின் கரையை அடுத்த ஒரு தீவில் போய் மாட்டிக்கொண்டார். அடிமை வியாபாரி ஒருவனிடம் வேலை. காய்ச்சலில் விழுந்தார். கவனிப்பார் இல்லை. பசி தாங்காமல் ராத்திரியில் தோட்டத்தில் கிழங்கைப் பிடுங்கிப் பச்சையாகத் தின்றார். அப்போது அவருக்கு ரகசியமாகச் சோறு கொடுத்தது யார் தெரியுமா? காலில் சங்கிலியோடு கிடந்த அடிமைகள்! தங்களுக்குக் கிடைத்த கொஞ்சத்தில் பங்கு கொடுத்தார்கள். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

நம்மைப் போன்றவர்களுக்குப் பிடிக்கிற விஷயம் ஒன்று இங்கே உண்டு. அந்தத் தீவில் அவரிடம் இருந்தது ஒரே ஒரு புத்தகம். யூக்ளிடின் வடிவியல்! கடற்கரை மணலில் குச்சியால் படம் போட்டுப் போட்டு முதல் ஆறு பாகங்களையும் தானாகவே படித்து முடித்தார். டிராயிங் போர்டு இல்லை, டி-ஸ்கொயர் இல்லை, வாத்தியாரும் இல்லை. சர்வேயில் அரியர்ஸ் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்கவும்!

மகனைத் தேடிய அப்பா ஒரு கப்பல்காரரிடம் சொல்லிவிட, 'கிரேஹவுண்ட்' என்ற கப்பல் அவரை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பியது. 1748 மார்ச் 21. வட அட்லாண்டிக் கடலில் நடுராத்திரி. பேரலை அடித்து ஒரு பக்கத்து மேல் மரங்கள் பிய்ந்து போயின. தூக்கத்திலிருந்து எழுந்து மேலே ஓடினார் நியூட்டன். கேப்டன் ஒரு கத்தி கொண்டுவரச் சொன்னதால் கீழே திரும்பினார். அவருக்குப் பதிலாக மேலே போன ஆளை அந்த நிமிடமே கடல் அடித்துக்கொண்டு போயிற்று.

துணிகளையும் படுக்கைகளையும் ஓட்டைகளில் திணித்துப் பலகை அடித்தார்கள். அலை இழுத்துப் போகாமல் இருக்கக் கயிற்றால் கட்டிக்கொண்டு, விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஏறக்குறைய நண்பகல் வரை பம்பு அடித்தார் நியூட்டன். பிறகு நள்ளிரவு வரை சுக்கான் பிடித்தார். கப்பலில் இருந்தது தேன்மெழுகும் மரமும். இரண்டும் தண்ணீரைவிட அடர்த்தி குறைவு. அதனால்தான் மூழ்கவில்லை என்று நாம் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். அது சரியும்கூட. ஆனால் அவர் மனதில் ஓடியது வேறு கணக்கு. வேலைக்கு நடுவே, கர்த்தர் இரங்க வேண்டும் என்று ஒரு வார்த்தை அவரையறியாமல் வாயில் வந்துவிட்டது. உடனே திடுக்கிட்டார். இத்தனை வருடம் கேலி செய்த எனக்கு இரக்கம் எப்படிக் கிடைக்கும் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது.

நான்கு வாரம் கழித்து, கடைசி உணவு அடுப்பில் இருந்தபோது, கப்பல் அயர்லாந்துக் கரையைத் தொட்டது. அந்த நாட்களில் அவர் புதிய ஏற்பாட்டைத் திறந்து தேடினார். லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் உள்ள கெட்ட குமாரன் கதை அவரைத் தொட்டது. சொத்தையெல்லாம் அழித்துவிட்டுத் திரும்பும் மகனை, அவன் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிற தகப்பன்! தகப்பன் கணக்குக் கேட்கவில்லை.

கிறிஸ்தவ நம்பிக்கையின் மையம் இதுதான். இரட்சிப்பு என்பது மார்க் ஷீட்டைப் பார்த்துக் கொடுக்கிற சர்டிபிகேட் அல்ல. யாருமே அந்தப் பரீட்சையில் பாஸாக முடியாது என்பதால், கடவுளே அன்பினால் தம் குமாரனை அனுப்பினார்; நம் பாவத்தின் தண்டனையை இயேசு சிலுவையில் ஏற்றுக்கொண்டு உயிர்த்தெழுந்தார்; அதை நம்பி ஏற்றுக்கொள்வதே விசுவாசம் என்கிறார்கள். கிருபை என்றால் கூலி அல்ல, கொடை.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. உங்களுக்கும் எழும். புயலில் கடவுளைக் கண்ட இந்த மனிதர் அடுத்து என்ன செய்தார்? அடிமைக் கப்பலுக்கே திரும்பிப் போனார்! 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களுக்குக் கேப்டனாகவே இருந்தார். மேல்தளத்தில் ஜெபம் நடக்கும். கீழே சங்கிலியில் மனிதர்கள். தனக்குச் சோறு போட்டவர்களைப் போன்ற மனிதர்கள்! இதுவா இரட்சிப்பு? இலவசமாக மன்னிப்பு கிடைத்தால் இப்படித்தான் ஆகுமா?

இதை யாரும் பூசி மெழுக வேண்டாம். நியூட்டனே மெழுகவில்லை. அந்தப் புயலில் தொடங்கியது ஆரம்பம் மட்டுமே, முழு அர்த்தத்தில் தான் விசுவாசியானது வெகு காலம் கழித்துத்தான் என்று எழுதினார். 1754-ல் திடீரென வந்த நோயால் கடலை விட்டார். லிவர்பூல் துறைமுகத்தில் சுங்க வேலை பார்த்துக்கொண்டே கிரேக்கமும் எபிரேயமும் தானாகக் கற்றார். போதகர் ஆக விரும்பினார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை, மெதடிஸ்டுகளோடு பழகுகிறார் என்றெல்லாம் சொல்லித் தட்டிக் கழித்தார்கள். ஆறு வருடம் காத்திருந்து, 1764-ல் ஓல்னி என்ற சின்ன ஊரில் போதகரானார். லேஸ் பின்னிப் பிழைக்கும் ஏழைகள் நிறைந்த ஊர். அவர்களுக்காக எழுதி, 1773 புத்தாண்டு நாளில் பயன்படுத்திய பாட்டுதான் இன்று உலகமெங்கும் தெரிந்த 'அமேசிங் கிரேஸ்'. இன்று பாடப்படும் மெட்டு அந்த வரிகளோடு சேர்ந்தது 1835-ல், அமெரிக்காவில்.

1785-ல் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் என்ற இருபத்தாறு வயது எம்.பி. இவரைத் தேடி வந்தார். அரசியலை விட்டுவிட்டுப் போதகர் ஆகலாமா என்று யோசனை கேட்டார். விடாதே, அங்கேயே இருந்து கடவுளுக்கு உழை என்று அனுப்பினார் நியூட்டன். 1788-ல், கடலை விட்டு 34 வருடம் கழித்து, அடிமை வியாபாரத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். கேள்விப்பட்டதை அல்ல, தான் செய்ததையும் கண்டதையும் எழுதினார். வெட்கத்தோடு எழுதினார். விசாரணைக் குழுக்களின் முன் சாட்சியும் சொன்னார். வக்கீல்கள் பேசுவது வேறு, பழைய கேப்டனே பேசுவது வேறு அல்லவா? 1807 மார்ச்சில் அடிமை வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டம் பிரிட்டனில் நிறைவேறியது. கண்பார்வை மங்கிப் போயிருந்த நியூட்டன் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, அதே ஆண்டு டிசம்பர் 21-ல் கண் மூடினார்.

ரொம்ப லேட் என்று சிலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த 34 வருடத்தில் கடல் தாண்டிக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு அந்த நூல் உதவவில்லை. ஆனால் ஒன்று புரிகிறது. தான் நல்லவன் என்று நிரூபிக்க வேண்டிய நிலையில் இருக்கிற மனிதன் இப்படி எழுதியிருக்க மாட்டான், மறைத்திருப்பான். ஏற்கெனவே மன்னிக்கப்பட்டேன் என்று நம்புகிறவனுக்குத்தான் முழு உண்மையையும் சொல்லத் தைரியம் வருகிறது. கிருபை அவருடைய குற்றத்தைச் சின்னதாக்கவில்லை. அதை நேருக்கு நேர் பார்க்க வைத்தது.

நண்பர்களே, எந்த மதத்தவராக இருந்தாலும் நாம் வேலைக்குப் போகும் இடத்தில், நம் லாபத்துக்காகக் கீழ்த்தளத்தில் யாராவது கிடக்கிறார்களா என்று ஒருமுறை குனிந்து பார்ப்போம். 34 வருடம் காத்திருக்க வேண்டாம்.

– மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்