நாவில் படியும் மொழி: இப்னு கல்தூன் கண்ட நெறி

வரலாற்றுத் தத்துவத்தின் தந்தை என்றும், சமூகவியலின் முன்னோடி என்றும் பேரறிஞர் இப்னு கல்தூன் போற்றப்படுவதை நாம் அறிவோம். பேரரசுகள் எழுவதும் வீழ்வதும் ஏன் என்று ஆராய்ந்த அவர், மனிதன் மொழியை எவ்வாறு அடைகிறான் என்பதையும் ஆராய்ந்தார் என்பது நம்முள் பலர் அறியாத செய்தி. தாய்மொழி குழந்தையிடம் எப்படி வந்து சேர்கிறது? பிறமொழி அவ்வளவு எளிதில் வந்து சேராதது ஏன்? இவ்வினாக்களுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அவர் விடை கண்டார். தமிழ்த்துறை மலரில் அரபு அறிஞர் ஒருவருக்கு இடம் எதற்கு என்று கேட்போருக்கு இதுவே நம் மறுமொழி.

ஹிஜ்ரி 732 ரமளான் முதல் நாள், அதாவது கி.பி. 1332 மே 27 அன்று, டூனிஸ் நகரில் அவர் பிறந்தார். ஹளரமவ்த்திலிருந்து ஸ்பெயினுக்குச் சென்று செவில் நகரில் செல்வாக்குடன் வாழ்ந்த குடும்பம் அவருடையது. 1248இல் அந்நகரம் கிறித்தவர் வசமாவதற்கு முன்பே அவர்கள் கடல் கடந்து வட ஆப்பிரிக்காவில் குடியேறினர். இளமையிலேயே திருக்குர்ஆனை மனனம் செய்த இப்னு கல்தூன், ஹதீஸ், மார்க்கச் சட்டம், இலக்கணம், கவிதை ஆகியவற்றை முறையாகப் பயின்றார். அல்ஆபிலீ என்னும் ஆசிரியர் அவருக்குத் தர்க்கமும் கணிதமும் கற்பித்தார். 1348ஆம் ஆண்டையொட்டிப் பரவிய கொள்ளைநோய் அவருடைய பெற்றோரையும் ஆசிரியர் பலரையும் கொண்டு சென்றது. அப்போது அவர் பதினேழு வயதை எட்டாத இளைஞர்.

பின்வந்த இருபத்தைந்து ஆண்டுகள் அரசியல் சுழலில் கழிந்தன. ஃபெஸ் நகரில் சுல்தான் அபூ இனானின் அவையில் பணி, ஏறத்தாழ இரண்டாண்டுச் சிறைவாசம், மீண்டும் பதவி, மீண்டும் ஓட்டம் என நீளும் அக்கதையை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. 1362இன் இறுதியில் அவர் கிரனடா சென்றதை மட்டும் நாம் நின்று நோக்க வேண்டும். 1364இல் கிரனடா சுல்தானின் தூதராகச் செவில் நகருக்குச் சென்றபோது, காஸ்டீல் மன்னர் பெத்ரோ அவரைத் தம்மிடமே தங்குமாறு வேண்டி, முன்னோரின் சொத்துகளைத் திருப்பித் தருவதாகவும் கூறினார். அவர் அதை ஏற்கவில்லை.

கிரனடாவின் அமைச்சரும் பெருங்கவிஞருமான இப்னுல் கதீப் அவருடைய நெருங்கிய நண்பர். நல்ல கவிதை எது என்று தமக்குத் தெரிந்திருந்தும், தாம் எழுத முனையும்போது கவிதை எளிதில் கைகூடவில்லை என்று ஒருநாள் அவரிடம் இப்னு கல்தூன் மனம் திறந்து கூறினார். அதற்குக் காரணத்தையும் அவரே சொன்னார். கிராஅத் கலையின் விதிகளைச் செய்யுளாக்கிய ஷாத்திபீயின் நூல்கள், சட்ட நூல்கள், தர்க்கச் சுருக்கங்கள் எனப் பாடநூல்களையே இளமையில் மிகுதியாக மனனம் செய்துவிட்டதால், நினைவு அவற்றால் நிரம்பி, கவித்திறனுக்கு இடமில்லாமற் போயிற்று என்றார். நண்பர் வியந்து நோக்கி, இத்தகைய விளக்கத்தை அவரையன்றி வேறெவர் தர இயலும் என்று பாராட்டினார். தம் குறையையே சான்றாக்கி அதன் காரணத்தைத் தேடும் இந்த இயல்பே பின்னாளில் மொழிக் கொள்கையாக விளைந்தது என்று நாம் கருதுகிறோம்.

1375இல் அரசியலில் சலிப்புற்று, இன்றைய அல்ஜீரியாவில் உள்ள கல்அத் இப்னு ஸலாமா என்னும் கோட்டையில் குடும்பத்துடன் ஒதுங்கினார். அங்கேதான் 1377இல், ஐந்தே மாதங்களில், உலகப் புகழ்பெற்ற முகத்திமா உருவாயிற்று. உலக வரலாற்றுக்கு முன்னுரையாக எழுதப்பட்ட அந்நூலின் ஆறாம் இயல் கல்வியையும் கலைகளையும் பற்றியது. மொழி பற்றிய அவருடைய கருத்துகளை அதன் இறுதிப் பகுதியில் காணலாம்.

மொழி ஒரு மலகா என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. திரும்பத் திரும்பச் செய்வதால் உள்ளத்திலும் உறுப்பிலும் படிந்து நிலைபெற்ற திறனையே மலகா என்னும் அரபுச் சொல் குறிக்கும். தச்சனுக்குக் கை எப்படியோ, பேசுவோனுக்கு நா அப்படி. ஒரு செயல் முதலில் நிகழ்கிறது. மீண்டும் நிகழும்போது ஒரு நிலையாகிறது. பன்முறை நிகழ்ந்தபின் வேரூன்றிய திறனாகிறது. குழந்தை முதலில் தனிச்சொற்களை அவற்றின் பொருளோடு கேட்கிறது. பின்னர்ச் சொற்றொடர்களைக் கேட்கிறது. ஒவ்வொரு நொடியும் ஒவ்வொருவர் வாயிலிருந்தும் கேட்டுக் கேட்டுத் தானும் சொல்லிச் சொல்லிச் சுற்றியுள்ளோருள் ஒருவராகிவிடுகிறது. ஓவியம் கைக்கும் தமிழ் நாவுக்கும் உரிய பயிற்சி என்று கருதும் மரபு நம்மிடமும் உண்டாதலால், இக்கருத்து நமக்கு அயலானதாகத் தோன்றாது.

அரபியர் பிறவியிலேயே செம்மையாகப் பேசினர் என்று அக்காலத்துப் பலர் நம்பினர். அது பிழை என்று இப்னு கல்தூன் துணிந்து கூறினார். ஆழப் படிந்துவிட்ட பழக்கம் பார்ப்போர்க்கு இயற்கை போலத் தோன்றும், அவ்வளவே என்றார். குறைஷியரின் மொழி தூயதாக இருந்தமைக்கும் குருதி காரணமன்று. நாற்புறமும் பிறமொழியாளர் நாடுகளிலிருந்து அவர்கள் தொலைவில் வாழ்ந்ததே காரணம் என்றார். தாமே பழைய அரபுக் குடியில் வந்தவர் என்னும் பெருமையுடைய ஒருவர், மொழியைப் பிறப்போடு பிணைக்க மறுத்தார் என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

இலக்கண ஆசிரியர்களாகிய நம்மைச் சற்றே சுடும் கருத்தொன்றும் உண்டு. இலக்கணத்தை அறிவது வேறு, மொழியைக் கைவரப் பெறுவது வேறு என்கிறார் அவர். ஊசியில் நூலைக் கோத்து, துணியின் இரு ஓரங்களையும் சேர்த்து, இத்தனை இடைவெளியில் குத்தி எடுக்க வேண்டும் என்று தையற்கலையை வாயால் விளக்கத் தெரிந்த ஒருவனிடம் துணியைக் கொடுத்துத் தைக்கச் சொன்னால் அவன் திகைப்பான். இலக்கணத்தில் கரைகண்டும், உடன்பிறந்தாருக்கோ நண்பருக்கோ இரண்டு வரி பிழையின்றி எழுத முடியாதவர்களை அவர் கண்டிருக்கிறார். விதியே அறியாமல் செம்மையாக எழுதுவோரையும் கண்டிருக்கிறார். சீபவைஹியின் இலக்கண நூலை மட்டும் அவர் விலக்காக வைக்கிறார். அந்நூல் அரபியரின் பழமொழிகளாலும் கவிதைகளாலும் நிரம்பியிருப்பதால், அதைப் பயில்வோர் விதியோடு மொழியையும் பெறுகின்றனர் என்பது அவர் தரும் காரணம்.

பிறமொழியைக் கற்பவன் என் செய்வது? திருக்குர்ஆன், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பொன்மொழிகள், முன்னோரின் உரைகள், கவிதைகள் ஆகியவற்றை மிகுதியாக மனனம் செய்து, அம்மக்களிடையே பிறந்து வளர்ந்தவன் போல் ஆகவேண்டும். அதன்பின் தன் எண்ணத்தை அவர்களுடைய தொடரமைப்பில் சொல்லிப் பழகவேண்டும். மனனம் செய்ததை மறந்துவிடவும் வேண்டும் என்று கவிதை பற்றிப் பேசுகையில் கூறுகிறார். சொற்கள் மறைந்து அச்சு மட்டும் உள்ளத்தில் நிற்க, அந்த அச்சில் புதியது வார்க்கப்படும் என்பது இதன் கருத்து.

ஆயினும், ஒரு திறன் நன்கு படிந்த நாவில் மற்றொன்று முழுமையாகப் படிவது அரிது என்பது அவருடைய முடிபு. அப்படியாயின் சீபவைஹி, ஃபாரிஸீ, ஸமக்ஷரீ ஆகியோர் அரபியர் அல்லாதவராயிருந்தும் அரபு மொழிக்குத் தலைவராயினரே என்று கேட்கலாம். அவர்கள் குலத்தால் மட்டுமே பிறர், வளர்ப்பால் அரபியரோடு ஒன்றியவர்கள் என்று விடையிறுக்கிறார். முதல் மொழி இறுகுமுன் இளமையிலேயே கற்கும் குழந்தைக்கு இத்தடை இல்லை என்றும் கூறுகிறார். 1967இல் லென்னபெர்க் என்னும் அறிஞர் மொழி கற்றலுக்கு உரிய பருவம் ஒன்று உண்டு என்று உயிரியல் அடிப்படையில் எழுதியதை இங்கே நினைவுகூரலாம்.

எல்லாவற்றிலும் இப்னு கல்தூன் சொன்னதே முடிந்த முடிபு என்று நாம் வாதிட வரவில்லை. மொழி பழக்கத்தின் விளைவு என்று 1957இல் ஸ்கின்னர் எழுதிய நூலை 1959இல் சோம்ஸ்கி கடுமையாக மறுத்தார். கேட்டறியாத தொடர்களையும் குழந்தை தானே ஆக்கிப் பேசுவதைப் பழக்கம் ஒன்றினால் விளக்க இயலாது என்னும் அவ்வாதம் இப்னு கல்தூனின் கொள்கையையும் ஓரளவு தொடவே செய்யும். எனினும் இயல்பாக வந்து சேர்வதையும் விதிவழிக் கற்பதையும் வேறுபடுத்திக் கிராஷன் 1980களில் எழுதியவற்றைப் படிக்கும்போது, தையற்காரர் உவமையே நம் கண்முன் வருகிறது.

மாணவர்க்கென அவர் சொன்ன ஒன்றை விட்டுவிட மனம் வரவில்லை. மேற்கே மொரோக்கோவில் மாணவர்கள் கல்விக்கூடத்தில் பதினாறு ஆண்டுகள் தங்கியும் தேர்ச்சி பெறவில்லை. டூனிஸில் ஐந்தாண்டுகள் போதுமாயிருந்தன. முன்னவர்கள் அவையில் வாய் திறவாமல் மனனம் செய்வதிலேயே காலம் கழித்ததுதான் காரணம் என்றார். நாவை அவிழ்த்து வாதிட்டுப் பழகுவதே கல்வித்திறன் பெற எளிய வழி என்றார். சிறுவர்களைக் கடுமையாகத் தண்டிப்பது அவர்களைப் பொய்க்கும் கரவுக்கும் பழக்கும் என்றும் எச்சரித்தார்.

1382இல் டூனிஸை விட்டுப் புறப்பட்ட அவர், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் கெய்ரோ வந்தடைந்தார். அல்அஸ்ஹரில் பாடம் நடத்தினார். 1384இல் மாலிக்கி மத்ஹபின் தலைமைக் காழியானார். அவ்வாண்டே, அவரிடம் வந்துகொண்டிருந்த குடும்பத்தார் கப்பல் மூழ்கி இறந்தனர். 1387இல் ஹஜ் கடமையை நிறைவேற்றினார். எகிப்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும், காழியின் ஆசனத்தில்கூடத் தம் மேற்கு நாட்டு உடையை அவர் மாற்றவில்லை.

1401இல் டமாஸ்கஸ் நகரைத் தைமூர் முற்றுகையிட்டபோது, கோட்டை மதிலிலிருந்து கயிற்றில் இறங்கி அவருடைய பாசறைக்குச் சென்றார். தைமூருக்கு அரபு தெரியாது. குவாரிஸ்மைச் சேர்ந்த மார்க்க அறிஞர் ஒருவர் இருவருக்கும் இடையே மொழிபெயர்த்தார். தைமூர் கேட்டுக்கொண்டபடி வட ஆப்பிரிக்காவைப் பற்றி இப்னு கல்தூன் ஒரு நூலே எழுதிக் கொடுத்தார். அதனைத் தம் மக்களின் மொழியில் பெயர்க்குமாறு அவ்வரசர் ஆணையிட்டார்.

ஆறாம் முறையாகக் காழிப் பதவியில் இருந்தபோது, 1406 மார்ச் 17 அன்று, புனித ரமளான் மாதத்திலேயே இப்னு கல்தூன் கெய்ரோவில் காலமானார். பாபுந் நஸ்ர் வாயிலுக்கு வெளியே சூஃபியாக்களின் அடக்கத்தலத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.