கசப்பைச் சுமக்காத கார்வே

மும்பை சர்ச்கேட்டிலிருந்து மெரைன் லைன்ஸ், சர்னி ரோடு என்று ரயில் பாதையை ஒட்டியே ஓடும் சாலைக்கு வெள்ளைக்காரன் காலத்தில் குயின்ஸ் ரோடு என்று பெயர். இன்று அது மகரிஷி கார்வே ரோடு. காலையில் கையில் டிபன் பாக்ஸுடன் அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்து ஆபீசுக்கு ஓடுகிற நம்மவர்கள் பல்லாயிரம் பேர். மகரிஷி என்றதும் யாரோ தாடி வைத்த சாமியார் என்று நினைத்துக் கொள்பவர்களும் உண்டு. கார்வே காவி கட்டியவர் அல்ல. கணக்கு வாத்தியார். டியூஷன் சொல்லிக் கொடுத்துக் குடும்பம் நடத்தியவர்.

தோண்டோ கேசவ கார்வே 1858 ஏப்ரல் 18 அன்று கொங்கணத்தில், ரத்னகிரி ஜில்லாவைச் சேர்ந்த ஷேரவலி கிராமத்தில் பிறந்தார். வளர்ந்தது முருட் என்னும் கடலோரச் சிற்றூரில். ஏழைக் குடும்பம். பதினேழு வயதில் அரசுப் பரீட்சை எழுதுவதற்காக நண்பர்களுடன் மலைப் பாதையில் கால்நடையாகவே சதாராவுக்குப் போனார். நூறு மைலுக்கு மேல் நடை. போய்ச் சேர்ந்தால், பார்ப்பதற்குச் சின்னப் பையன் மாதிரி இருக்கிறாய், உனக்குப் பதினேழு வயது இருக்காது என்று சொல்லிப் பரீட்சைக் கமிட்டியின் தலைவர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதது பிள்ளையின் குற்றமா?

அந்த அவமானத்தை மென்றுகொண்டு ஊரிலேயே உட்கார்ந்துவிடவில்லை அவர். அடுத்த ஆண்டு கோலாப்பூருக்குப் போய் அதே பரீட்சையை எழுதித் தேறினார். மெட்ரிகுலேஷன் தேறும்போது வயது 23. பிறகு பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்து 1884-ல் கணிதத்தில் பி.ஏ. பட்டம் பெற்றார். பம்பாயில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக, வீடு வீடாகப் பாடம் சொல்லிக் கொடுத்தார். விடிவதற்கு முன் புறப்பட்டால் இரவுதான் வீடு. சம்பாத்தியத்தில் ஒரு பங்கு சொந்த ஊருக்கு. முருட் மக்களின் நன்மைக்காக நண்பர்களைச் சேர்த்து முருட் நிதி என்று ஒன்றைத் தொடங்கியதிலும் அவருக்கே முக்கியப் பங்கு.

1891-ல் மனைவி ராதாபாய் இறந்து போனார். சிறு வயதில் கைப்பிடித்தவர். கஷ்ட காலம் முழுவதும் கூட இருந்தவர். மகன் ரகுநாத் அப்போது சிறுவன். அதே ஆண்டில் எல்ஃபின்ஸ்டனில் கூடப் படித்த கோபாலகிருஷ்ண கோகலே, பூனா ஃபெர்குசன் கல்லூரிக்குக் கணித ஆசிரியராக வரும்படி அழைத்தார். கார்வே பூனாவுக்குக் குடிபெயர்ந்தார்.

மனைவியை இழந்த ஆண்பிள்ளைக்கு அந்தக் காலத்தில் பெண் கிடைப்பது சிரமமே இல்லை. பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுமியைக் கொண்டு வந்து நிறுத்துவார்கள். மறுமணம் என்று ஒன்று செய்துகொண்டால் விதவையைத்தான் செய்துகொள்வது என்று கார்வே முடிவு செய்தார். நண்பர் ஜோஷியின் சகோதரி கோதுபாய். எட்டு வயதில் மணமாகி, மூன்றே மாதத்தில் தாலியை இழந்தவர். தலையை மழித்து மூலையில் உட்கார வைக்கப்பட்டவர். பண்டித ரமாபாய் 1889-ல் பம்பாயில் சாரதா சதனத்தைத் தொடங்கியபோது அங்கே வந்து சேர்ந்த முதல் விதவை மாணவி அவர்தான். 1893 மார்ச் 11 அன்று பூனாவில் கார்வே அவரை மணந்தார். ஆனந்திபாய் என்று பெயர் சூட்டப்பட்டது.

முருட்டில் ஊர் கூடியது. கார்வே ஜாதிப் பிரஷ்டம் செய்யப்பட்டார். அவரோடு ஒட்டி உறவாடினால் சொந்தக் குடும்பத்துக்கும் அதே கதிதான். பெற்ற தாயும் உடன்பிறந்தவரும் அவரை வீட்டுக்குள் அழைத்துத் தங்க வைக்க முடியாத நிலை. எந்த ஊருக்காக வயிற்றைக் கட்டிப் பணம் அனுப்பினாரோ அந்த ஊரே கதவை அடைத்துவிட்டது. பிழைக்கப் போன இடத்திலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் எவருக்கும் இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த இடத்தில் மனிதர்கள் சாதாரணமாக இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். ஊரைத் திட்டியே ஆயுளைக் கழிப்பார்கள். அல்லது தலை குனிந்து பிராயச்சித்தம் செய்துகொண்டு திரும்புவார்கள். கார்வே இரண்டையும் செய்யவில்லை. செய்தது தவறல்ல என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. அதே சமயம் ஊரார் பயத்திலும் பழக்கத்திலும் நடந்துகொள்கிறார்கள் என்பதும் அவருக்குப் புரிந்திருந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேலை நிறையக் கிடந்தது.

முதலில் விதவா மறுமணத்தை ஆதரிக்க ஒரு சங்கம் நடத்தினார். மறுமணம் செய்துகொள்ள முன்வருபவர் சிலர், வராதவர் பல்லாயிரம். அந்தப் பல்லாயிரம் பேருக்கு எழுத்தும் ஒரு தொழிலும் வேண்டும் என்று பட்டது. 1896-ல் அநாத பாலிகா ஆசிரமம் உருவாயிற்று. 1900-ல் அது பூனாவுக்கு வெளியே நாலு மைல் தூரத்தில் உள்ள ஹிங்கணே கிராமத்துக்கு மாறியது. ஒரு குடிசைதான் ஆரம்பம். கல்லூரி முடிந்ததும் சேற்றிலும் மழையிலும் அங்கே நடந்து போவார். காலையில் மறுபடி கல்லூரிக்கு நடை. அந்த இடம் இன்று புனே நகரத்துக்குள் கார்வே நகர் என்று இருக்கிறது.

பழைமைவாதிகள் ஏசியது எதிர்பார்த்ததுதான். சீர்திருத்தக்காரர்களும் விடவில்லை. ஆசிரமத்துக்கு வரும் பெண்களுக்கு மறுமணம் செய்து வைத்துவிடுவாரோ என்று பெற்றோர் பயப்படக்கூடாது என்பதற்காக மறுமணப் பிரசாரத்தையும் ஆசிரமத்தையும் அவர் தனித்தனியே வைத்தார். இதனால் வீட்டிலும் வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனந்திபாய் வெளிப்படையாகப் பேசுகிறவர். கையில் கிடைத்ததையெல்லாம் கணவர் ஆசிரமத்துக்குக் கொடுத்தால் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது யார் என்ற அவருடைய கேள்வி நியாயமானதே. பெரிய மனிதர்களின் தியாகத்தில் பாதி சமையலறையில்தான் நடக்கிறது. சரித்திரம் எழுதுகிறவர்கள் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை.

ஆனந்திபாயின் தங்கை பார்வதிபாய் ஆடவலே. அவரும் இளம் விதவை. கையில் ஒரு குழந்தை. மழித்த தலையுடன் ஆசிரமத்துக்கு வந்தவர் அங்கே படித்தார், ஆசிரியையானார், ஆசிரமத்துக்காக ஊர் ஊராகப் போய் மேடையேறிப் பேசி நிதி திரட்டினார். இவ்வளவுக்குப் பிறகும் பல ஆண்டுகள் தலையை மழித்துக்கொண்டேதான் இருந்தார். உலகத்துக்கு அஞ்சியது பாதி, பழகிப்போன துக்கம் மீதி. ஒரு நாள் அந்த வழக்கத்தை நிறுத்தினார். ஏச்சுக்கள் வந்தன. முடி வளர்ந்தது. 1918-ல் அதே பார்வதிபாய் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, வீட்டு வேலை செய்து பிழைத்துக்கொண்டே ஆங்கிலம் கற்றார். கார்வே கட்டிய கட்டடங்களைக் காட்டிலும் இது பெரிய சாதனை என்றே சொல்ல வேண்டும்.

மற்றவை வேகமாக நடந்தன. 1907-ல் மகளிர் வித்யாலயம். 1908-ல் நிஷ்காம கர்ம மடம். 1914-ல் கல்லூரியிலிருந்து ஓய்வு. ஜப்பானில் உள்ள பெண்கள் பல்கலைக் கழகத்தைப் பற்றிய ஒரு சிறு புத்தகம் தபாலில் வந்தது. அதைப் படித்த உற்சாகத்தில் 1916-ல் இந்தியாவிலும் ஒன்றைத் தொடங்கிவிட்டார். விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவிகளே முதலில் இருந்தனர். 1920-ல் பம்பாய் ஆலை முதலாளி சர் விட்டல்தாஸ் தாக்கர்சி 15 லட்சம் ரூபாய் நன்கொடை அளித்தார். அவருடைய அன்னையின் பெயரால் அது எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக் கழகம் ஆயிற்று. சர்ச்கேட் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இன்றும் இயங்குகிறது.

கார்வேயிடம் இன்னொரு விசேஷம். தான் தொடங்கிய ஸ்தாபனம் காலூன்றியதும் அதைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். நாற்காலியைக் கட்டிக்கொண்டு அழவில்லை. 70 வயதைக் கடந்த பிறகு ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், ஆப்பிரிக்கா என்று சுற்றிப் பல்கலைக் கழகத்துக்கு நிதி சேர்த்தார். கிராமங்களில் ஆரம்பப் பள்ளிகள் நடத்த 1936-ல் ஒரு சங்கம் கண்டார்.

1950-ல் ஆனந்திபாய் காலமானார். மூத்த மகன் ரகுநாத்தும் தந்தை இருக்கும்போதே, 1953-ல் மறைந்தார். குடும்பக் கட்டுப்பாட்டைப் பகிரங்கமாகப் பிரசாரம் செய்து அதனால் கல்லூரி வேலையை இழந்தவர் அவர். முதல் மனைவி, இரண்டாம் மனைவி, மகன் என்று எல்லோரையும் வழியனுப்பிய பிறகும் கிழவர் இருந்தார். 1958-ல் நூறு வயது நிறைந்தபோது அரசு பாரத ரத்னா விருது வழங்கியது. 1962 நவம்பர் 9 அன்று புனேயில் காலமானார். வயது 104.

ஜாதியின் பெயரால் சொந்த ஊர் கதவடைத்த அந்த மனிதர், 1944-ல், 86-வது வயதில், ஜாதி வேற்றுமையை ஒழிப்பதற்காக சமதா சங்கம் என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்.