ஜான் மார்கன்

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்பது திருவள்ளுவர் துணிபு. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து இயற்றிக் கொடுப்பவன் என்பனவே அந்நான்கு. முன்னைய மூன்றையும் உலகம் நன்கறியும். நான்காமவனையோ எளிதில் மறந்துவிடும். இளமையில் அந்நான்காம் இடத்தில் நின்று தொழில் பயின்று, மருத்துவர் தலைவராய் உயர்ந்த பின்னும் அவ்விடத்தின் சிறப்பை மறவாத ஒருவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவரே அமெரிக்காவின் முதல் மருத்துவக் கல்விச்சாலையை நிறுவிய ஜான் மார்கன் ஆவார்.

மார்கன் 1735 ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் வணிகர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தார். ஜான் ரெட்மன் என்னும் மருத்துவரை அடுத்துப் பல ஆண்டுகள் தொழில் கற்றார். அக்காலத்தில் தாமஸ் பாண்டு, பெஞ்சமின் பிராங்க்ளின் என்போரின் முயற்சியால் 1751 இல் பென்சில்வேனியா மருத்துவமனை நிறுவப்பெற்று, மறு ஆண்டில் நோயாளரை ஏற்கத் தொடங்கிற்று. அதன் மருத்துவர்கள் ஊதியம் பெறாது வந்து நோயாளரைக் கண்டு செல்வர். அவர் குறித்த மருந்துகளைக் கலந்து கொடுத்தற்கு மருத்துவமனைக்குள்ளேயே ஒரு மருந்துச்சாலை அமைந்தது. அதன் முதல் மருந்தாளர் ஜோனதன் ராபர்ட்ஸ். அவருக்குப் பின் 1755 இல் அப்பணியை ஏற்றவர் மார்கன். ஓராண்டளவே அவர் அங்குப் பணி செய்தார். ஆயினும், எழுதும் கை ஒன்று, மருந்து கலக்கும் கை மற்றொன்று என்னும் முறையை அங்கேயே அவர் நேரிற் கண்டார்.

பின்னர்ப் படை மருத்துவராய்ச் சில காலம் பணி புரிந்து, 1760 இல் கடல் கடந்து லண்டன் சென்றார். எடின்பரோவில் 1763 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலி நாட்டிற்குச் சென்று மார்கானி என்னும் பேரறிஞரையும் கண்டு அளவளாவினார். 1765 இல் தாயகம் மீண்டு, பிலடெல்பியாக் கல்லூரியில் மருத்துவக் கல்விச்சாலையை நிறுவி, அதன் முதற் பேராசிரியரும் ஆனார்.

அவ்வாண்டில் அவர் நிகழ்த்திய பேருரை பலர்க்கு வியப்பையும் சிலர்க்கு வெறுப்பையும் விளைத்தது. அந்நாளில் அங்கு மருத்துவரே மருந்தும் விற்பர். மருந்தின் விலையே அவர்தம் வருவாய். மருந்து மிகுந்தால் வருவாயும் மிகும். கலப்பதில் பிழை நேரின் அதனைக் காண மற்றொரு கண் இல்லை. மருத்துவர் நோயை ஆராய்ந்து மருந்தைக் குறித்தல் வேண்டும், அதனைக் கலத்தல் அத்தொழில் பயின்ற மருந்தாளர்க்கே உரியது என்றார் மார்கன். சொல்லிய வண்ணம் செய்தும் காட்டினார். டேவிட் லெய்ட்டன் என்னும் மருந்தாளரைத் துணைக்கொண்டு, தாம் மருந்து விற்பதை விடுத்து, நோயாளரைக் காண்பதற்கு மட்டுமே கட்டணம் பெறலானார். அவரைப் பின்பற்றியோர் மிகச் சிலரே.

1775 இல் அமெரிக்க விடுதலைப் படையின் மருத்துவமனைகளுக்குத் தலைவரானார். மருந்துத் தட்டுப்பாடு மிகுந்த காலம் அது. படைப்பிரிவு மருத்துவர்கள் தேர்வு பெறுதல் வேண்டும், மருந்திற்குக் கணக்குக் காட்டுதல் வேண்டும் என அவர் வற்புறுத்தினார். அதனால் பகை வளர்ந்தது. வில்லியம் ஷிப்பன் என்பாரோடு அவர்க்கு நெடுநாள் இருந்த பிணக்கும் அதனோடு சேர்ந்தது. தமது பெருமையை விட்டுக்கொடாத அவரது இயல்பும் பகைவர்க்குத் துணையாயிற்று என்பதை மறைத்தல் நேர்மையன்று. 1777 சனவரியில் காங்கிரசு அவரைப் பதவியினின்று நீக்கியது. 1779 இல் அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளித்தது. எனினும் உடைந்த உள்ளம் மீண்டும் தளிர்க்கவில்லை. 1789 அக்டோபர் 15 ஆம் நாள், வறுமையில், பெரும்பாலும் தனியராய் உயிர் நீத்தார்.

அவர் விதைத்த விதை அவரோடு அழிந்ததோ? இல்லை. எழுதுதலும் கலத்தலும் வேறு வேறாதல் பின்னாளில் நாட்டு வழக்காயிற்று. 1966 இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஒன்பதாம் தளத்தில், நோயாளர் வார்டிலேயே மருந்தகம் ஒன்று அமைக்கப்பெற்று, மருந்தாளர் இரவும் பகலும் அங்கிருந்து பணியாற்றினர். இன்று பல நாடுகளில் மருந்தாளர் வார்டிற்கே வந்து, அளவு மிகுந்ததோ, ஒரு மருந்து மற்றொன்றோடு முரணுமோ, வீட்டில் உண்டு வந்த மருந்து விடுபட்டதோ என ஆராய்கின்றனர். ஐயம் தோன்றின் மருத்துவரை வினவுகின்றனர். அவ்வினா மருத்துவர்க்கு இழுக்கன்று. படுக்கையிற் கிடக்கும் நோயாளிக்கு அது காவலாகும்.

மருத்துவமனையின் மருந்துச் சாளரத்தின் முன் நாம் எத்துணை முறை நின்றிருக்கின்றோம்! சீட்டை நீட்டுகின்றோம், மருந்தைப் பெறுகின்றோம், தந்தவர் முகத்தை நோக்குவதில்லை. மார்கனும் ஒருகால் அத்தகைய இடத்தில் நின்ற இருபது வயது இளைஞரே. உயர்ந்த பின் தாம் நின்ற படியை மறப்போர் பலர். அப்படியின்றி ஏணி நில்லாது என்று உணர்ந்து, அதன் பொருட்டு இழப்பையும் ஏற்றவர் அவர். இனி மருந்துச் சீட்டை நீட்டும்போது, அதனை இருமுறை படித்துப் பார்க்கும் அக்கண்களுக்கு நன்றி கூறுவோமாக.