வீட்டை மீட்ட பயில்வான்

கல்லூரி பிரின்சிபால் ஒருவர் தம் சொந்த வீட்டை அடமானம் வைத்தார். மகள் கலியாணத்துக்காக அல்ல. மகன் படிப்புக்காகவும் அல்ல. தம்மிடம் படித்த ஓர் ஏழை மாணவர் வெளிநாடு சென்று குஸ்தி போடுவதற்காக!

வாங்கிய பணம் 7 ஆயிரம் ரூபாய். 1952-ம் ஆண்டில் அது மிகப் பெரிய தொகை.

அந்த மாணவரின் பெயர் கஷாபா ஜாதவ். சுதந்திர இந்தியாவுக்கு ஒலிம்பிக் பந்தயத்தில் முதன் முதலாகத் தனி ஒருவராகப் பதக்கம் வாங்கித் தந்த வீரர் அவர்தான்.

சிறிய உருவம்

மராட்டிய நாட்டில் கராடு என்ற ஊருக்கு அருகே கோலேஷ்வர் என்று ஒரு கிராமம் உள்ளது. அங்கே 1926-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி ஜாதவ் பிறந்தார். தந்தை தாதாசாகேப் ஒரு பயில்வான். அவருடைய ஐந்து ஆண் மக்களில் ஜாதவ்தான் கடைக்குட்டி.

கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியில் ஜாதவ் சேர்ந்தார். ஆண்டு விழாவில் குஸ்தி போட்டி நடந்தது. தம்மையும் சேர்த்துக்கொள்ளும்படி ஜாதவ் கேட்டார். ஆள் மிகவும் சிறியவராக இருந்ததால் விளையாட்டு ஆசிரியர் மறுத்துவிட்டார்.

ஜாதவ் சோர்ந்து போகவில்லை. நேரே பிரின்சிபால் கர்டேகரிடம் சென்று முறையிட்டார். அவர் அனுமதி கொடுத்தார். ஜாதவ் கோதாவில் இறங்கினார். தம்மை விடப் பெரிய ஆட்களை எல்லாம் மண்ணைக் கவ்வ வைத்தார்!

1948-ம் ஆண்டு லண்டனில் ஒலிம்பிக் நடந்தது. கோலாப்பூர் மகாராஜா பண உதவி செய்து ஜாதவை அனுப்பினார். அதுவரை மண் தரையில் குஸ்தி போட்டுப் பழகியவர், அங்கே மெத்தை விரிப்பில் மோத வேண்டி வந்தது. விதிகளும் புதியவை. ஆயினும் ஆறாவது இடம் பெற்றார்.

வீடு வீடாக

அடுத்த ஒலிம்பிக் 1952-ல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் நடக்க இருந்தது. அதற்கு முன் சென்னையில் தேசியப் போட்டி நடைபெற்றது. அங்கே ஒரு புள்ளி குறைத்துப் போட்டுத் தமக்கு அநீதி செய்துவிட்டார்கள் என்று ஜாதவ் கருதினார். பாட்டியாலா மகாராஜாவிடம் முறையிட்டு, மறு போட்டியில் மோதி வென்றார்.

இடம் கிடைத்துவிட்டது. பயணத்துக்குப் பணம்? ஜாதவ் வீடு வீடாகச் சென்று கேட்டார். ஊர் மக்கள் தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள். அது போதவில்லை. அப்போதுதான் கர்டேகர் தம் வீட்டை அடமானம் வைத்தார்.

ஓய்வு இல்லாத மோதல்

ஹெல்சிங்கியில் கனடா, மெக்சிகோ, ஜெர்மனி நாட்டு வீரர்களை ஜாதவ் தோற்கடித்தார். பிறகு ஜப்பான் வீரர் இஷியுடன் நெடுநேரம் போராடித் தோற்றார்.

இரண்டு போட்டிகளுக்கு நடுவே அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்பது விதி. ஆனால் உடனே சோவியத் வீரருடன் மோதும்படி அவரை அழைத்தார்கள். அவருக்காகப் பரிந்து பேச அங்கே இந்திய அதிகாரி ஒருவரும் இல்லை. களைத்த உடம்போடு இறங்கித் தோற்றார். வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

ஊர் திரும்பியபோது நூற்றுக்கு மேற்பட்ட மாட்டு வண்டிகள் ஊர்வலமாக வந்து வரவேற்றன. மேளதாளம் முழங்கியது.

மாலை வாடும் முன்பே ஜாதவ் கடனை நினைத்தார். குஸ்தி போட்டிகளுக்கு ஏற்பாடு செய்தார். தாமே கோதாவில் இறங்கி வென்றார். கிடைத்த பணத்தைப் பிரின்சிபாலிடம் கொடுத்தார். அடமானம் வைத்த வீடு மீண்டது!

1955-ல் ஜாதவ் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். உதவி கமிஷனராக உயர்ந்து ஓய்வு பெற்றார். 1984-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி சாலை விபத்தில் உயிர் துறந்தார். அர்ஜுனா விருது அவர் இறந்த பிறகே வந்தது. டெல்லியில் குஸ்தி அரங்குக்கு அவர் பெயர் வைத்ததும் 2010-ல்தான்.

அவருக்குப் பின் இந்தியர் ஒருவர் தனியாக ஒலிம்பிக் பதக்கம் வாங்க 44 ஆண்டுகள் ஆயின. 1996-ல் டென்னிஸ் வீரர் லியாண்டர் பயஸ் அதை வாங்கினார்.

ஜாதவ் வாங்கியது வெண்கலம். ஆனால் நம்பியவரின் வீட்டைத் தம் கை வலிமையால் மீட்டுக் கொடுத்த அந்த மனம் சொக்கத் தங்கம்!