கொள்கை வீரர் பிராட்லா

தம் மனத்திற்கு உண்மையெனப் பட்டதை ஒளியாது உரைத்தல் அரிது. அதன்பொருட்டு வரும் இழிவையும் இழப்பையும் பொறுத்து நிற்றல் அதனினும் அரிது. இவ்வரிய செயலைத் தம் வாழ்நாள் முழுதும் செய்து காட்டியவர் இங்கிலாந்து நாட்டுச் சார்லஸ் பிராட்லா ஆவார்.

பிராட்லா 1833-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் இலண்டன் மாநகரில் ஹாக்ஸ்டன் என்னும் பகுதியிற் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தராய் இருந்தவர். இளமையில் பிராட்லா ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் சமயப் பாடம் கற்பித்து வந்தார். அதற்கென மறைநூலை ஆழ்ந்து பயின்றபோது, நற்செய்தி நூல்கள் நான்கும் திருச்சபையின் கோட்பாடுகளும் சிற்சில இடங்களில் மாறுபடக் கண்டு ஐயுற்றார். அவ்வையத்தைக் களையுமாறு குருவை வேண்டினார். குருவோ விடை பகராது, இளைஞர் நாத்திகராகிவிட்டார் எனத் தந்தைக்கு எழுதினார். அதன் விளைவாகப் பதினாறு வயதளவில் பிராட்லா இல்லம் விட்டு நீங்க நேர்ந்தது.

வறுமை வாட்டவே, 1850-இல் படையிற் சேர்ந்து அயர்லாந்தில் பணியாற்றினார். 1853-இல் அதனின்று விலகி, வழக்கறிஞரிடம் எழுத்தராய் அமர்ந்தார். அங்குப் பெற்ற சட்ட அறிவே பிற்காலத்தில் அவர்க்குப் படைக்கலம் ஆயிற்று. அரசியலும் கல்வியும் சமயத்தின் பிடியினின்று விடுபடல் வேண்டும் என்று ஊர்தோறும் சொற்பொழிவாற்றினார். 1866-இல் அதற்கெனத் தேசியக் கழகம் ஒன்றையும் நிறுவினார்.

முடியாட்சியும் அவர்க்கு உடன்பாடன்று. பிறப்பு ஒன்றே காரணமாக ஒருவர் பிறரை ஆளுதல் அறிவுக்கு ஒவ்வாது என்பது அவர் துணிபு. அரியணை உரிமையை அரச மரபினர்க்கு அளித்தது பாராளுமன்றத்தின் சட்டமே. அளித்த மன்றம் அதனைத் திரும்பப் பெறவும் வல்லது என்று நூல் எழுதி வாதிட்டார். ஆயினும் வன்முறையை அவர் விரும்பினாரல்லர். மக்கள் உள்ளத்தை மாற்றிச் சட்ட நெறியாலேயே குடியரசு காண விழைந்தார்.

நார்தாம்ப்டன் தொகுதியில் மும்முறை தோல்வியுற்ற பிராட்லா, 1880-இல் வெற்றி பெற்றார். மன்றத்தில் அமருமுன் உறுப்பினர், அரசிக்கு உண்மையாய் இருப்பதாகக் கடவுள்மேல் ஆணையிடல் அந்நாளில் வேண்டியிருந்தது. ஆணைக்கு மாறாக உறுதிமொழி கூற இசைவு வேண்டினார் பிராட்லா, மன்றம் மறுத்தது. பின்னர், சட்டம் கேட்கும் சடங்கெனக் கருதி ஆணையிடவே முன்வந்தார். இவர் கொள்கையில் தளர்ந்தார் எனக் குறை கூறினோரும் உளர். ஆனால் மன்றமோ, கடவுளை நம்பாதவர் இடும் ஆணை செல்லாது என்று அதனையும் தடுத்தது. வெளியேற மறுத்த அவரை 1880 ஜூன் 23-ஆம் நாள் மணிக்கூண்டு அறையிற் சிறைவைத்து, மறுநாள் விடுவித்தது.

அதன்பின் ஐந்தாண்டுக் காலம் போராட்டம் தொடர்ந்தது. அவர் இருக்கை காலியாகுந்தோறும் நார்தாம்ப்டன் மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர். 1881 ஆகஸ்டு 3-ஆம் நாள், உள்ளே நுழைய முயன்றவரைக் காவலர் பலர் பற்றி இழுத்து வெளியேற்றினர். அவருடைய ஆடை கிழிந்தது. வாயிலிலே அவர்தம் அன்பர்கள் பெருந்திரளாக நின்றிருந்தனர். ஒரு சொல் கூறியிருப்பின் பெருங்கலகம் விளைந்திருக்கும். பிராட்லா அச்சொல்லைக் கூறவில்லை.

ஆழ்ந்த சமயப் பற்றுடைய முதலமைச்சர் கிளாட்ஸ்டன், நாத்திகரின் உரிமைக்காக 1883-இல் மன்றத்தில் வாதாடினார். எனினும் அவ்வாண்டு கொணர்ந்த சட்டம் மூன்றே வாக்குகளால் தோற்றது. இறுதியில் 1886 சனவரியில் அவைத்தலைவர் பீல், எவரும் குறுக்கிட இடந்தராமற் பிராட்லாவை ஆணையிடச் செய்தார். மன்றத்தில் அமர்ந்த பிராட்லா, ஆணைக்கு மாறாக உறுதிமொழி கூறும் உரிமையை 1888-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அனைவர்க்கும் பெற்றுத் தந்தார்.

அடிமைப்பட்டிருந்த இந்தியர்க்காகவும் அவர் மன்றத்தில் ஓயாது குரல் கொடுத்தார். உடல் நலிவுற்ற நிலையிலும் 1889-இல் பம்பாய்க் காங்கிரசு மாநாட்டிற்கு வந்தார்.

1891 சனவரி 27-ஆம் நாள், பிராட்லாவைத் தடுத்த பழைய தீர்மானத்தை மன்றம் தன் ஏட்டினின்று நீக்கியது. மரணப் படுக்கையில் நினைவிழந்து கிடந்த அவர் அச்செய்தியை அறியாமலே 30-ஆம் நாள் மறைந்தார். அவருடைய இறுதிச் சடங்கிற்கு இலண்டன்வாழ் இந்தியர் பலர் சென்றனர். அவருள் சட்டம் பயின்ற இளைஞர் ஒருவரும் இருந்தார். அவரே பின்னாளில் அண்ணல் காந்தியடிகள் எனப் போற்றப்பெற்றவர்.

பிரிட்டனில் முடியாட்சி இன்றும் நிலவுகிறது. பிராட்லா விரும்பிய குடியரசு அங்கு மலரவில்லை. எனினும், கடவுளை நம்புவோரும் நம்பாதோரும் ஒரே மன்றத்தில் ஒத்த உரிமையுடன் அமர்கின்றனர். நம்மொடு உடன்படுவோர்க்கு உரிமை வழங்குதல் எளிது. உடன்படாதார்க்கும் அதனை வழங்குவதே உண்மை விடுதலையாகும்.