அடையாற்றில் திரும்பக் கிடைத்த மகன்

தாம்பரத்திலும் அடையாற்றிலும் மாண்டிசோரி என்று பலகை போட்ட பள்ளிக்கூடங்களைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு பெண்மணியின் பெயர். அந்த அம்மையார் அடையாற்றிலேயே குடியிருந்தவர்!

மேரியா மாண்டிசோரி 1870ல் இத்தாலியில் பிறந்தார். பெண்கள் வைத்தியம் படிப்பதை ஊரே ஏசிய காலம். அவரோ 1896ல் டாக்டர் பட்டம் பெற்றார். ரோமாபுரிப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில், மந்த புத்தி என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகள் அடைபட்டுக் கிடந்தனர். இவர்களுக்கு வேண்டியது மருந்தல்ல, பயிற்சி என்று அம்மையாருக்குப் பட்டது. அன்று முதல் குழந்தை மனமே அவருடைய ஆராய்ச்சி.

ரோமில் சான் லொரன்சோ ஏழைகள் பேட்டை. தாய் தகப்பன் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் மாடிப்படியிலும் தெருவிலும் திரிந்து சுவரைப் பாழாக்குவார்கள். சுவரைக் காப்பாற்றத்தான் கட்டிடக்காரர்கள் ஓர் அறையை ஒதுக்கி அம்மையாரை அழைத்தார்கள்! 1907 ஜனவரி 6ந் தேதி, சுமார் 50 குழந்தைகளுடன் குழந்தைகள் இல்லம் பிறந்தது. அங்கே அடி உதை கிடையாது. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துக்களை விரலால் தடவித் தடவி, நாலு வயசுப் பிள்ளைகள் எழுதத் தொடங்கினார்கள். உலகம் திரும்பிப் பார்த்தது.

ஊரார் பிள்ளைகளை அணைத்தவருக்குச் சொந்தப் பிள்ளையும் உண்டு. 1898ல், கல்யாணமாகாமல் பிறந்த மரியோ. கிராமத்தில் யாரோ வளர்த்தார்கள். 15 வயது வாக்கில்தான் தாயிடம் வந்தான். அதன் பிறகும் வெளியாருக்கு அவன் உறவுக்காரப் பையன்தான். ஊர் வாய் அப்படிப்பட்டது. அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

1939 நவம்பரில், பிரம்மஞான சங்கத் தலைவர் அருண்டேல் அழைத்து, 69 வயதில் மரியோவுடன் அடையாறு வந்தார். 300க்கு மேற்பட்டோர் பயிற்சிக்குக் கூடினார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மரியோ ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வார்.

1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் குதித்தது. உடனே இருவரும் எதிரி நாட்டவர்! மரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டு போனார்கள். அம்மையார் சங்கத் தோட்டத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று உத்தரவு. மகனும் போனான், நாவும் போயிற்று.

ஆகஸ்டு 31, அவருடைய 70வது பிறந்த நாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்த நாள் பரிசாக மகனைத் திருப்பி அனுப்புகிறோம் என்று அதில் கண்டிருந்தது. அவர் ஊருக்கு மறைத்த உறவை, சிறை வைத்த சர்க்காரே மகன் என்று எழுதிவிட்டது!

பிறகு கோடைக்கானலிலும் சில காலம் இருந்தார். தாய் சுமந்து செல்லும் குழந்தை, போகிற இடமெல்லாம் கண்டும் கேட்டும் பேச்சைக் கற்கிறது என்று பல தேசத்து வழக்கங்களை ஒப்பிட்டு விளக்கினார். அந்தப் புத்தகம் 1949ல் அடையாற்றில்தான் அச்சாயிற்று.

1952 மே 6ந் தேதி ஹாலந்தில் காலமானார். அப்போது பக்கத்தில் இருந்தவர் மரியோ.