வி. பி. மேனன்

சென்னை மாகாணத்தின் மலபார்ப் பகுதியில், ஒற்றப்பாலத்தில் 1893ஆம் ஆண்டு பிறந்தவர் வி. பி. மேனன். பள்ளிப் படிப்பை முடிக்காமலேயே வேலைக்குச் சென்ற அவர், கோலார் தங்கவயலில் சிலகாலம் உழைத்தார். 1914இல் அரசுப் பணியில் எழுத்தராகச் சேர்ந்தார். பட்டம் பெறாத அவர், கோப்புகளின் வழியே அரசியலமைப்பு நுட்பங்களைக் கற்றுத் தேர்ந்து, சீர்திருத்த ஆணையராக உயர்ந்தார்.

1947இல் ஆங்கிலேயர் வெளியேறும் வேளையில், 550க்கும் மேற்பட்ட சுதேச அரசுகள் எதிர்காலம் அறியாது நின்றன. அவை தனி நாடுகளானால் இந்தியா சிதறியிருக்கும். சர்தார் படேலின் செயலராக இருந்த மேனன், பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு ஆகிய மூன்று அதிகாரங்களை மட்டும் ஒப்படைக்கக் கோரும் இணைப்பு ஆவணத்தை முன்வைத்தார். மன்னர்களுள் மிகப் பலர் இசைந்தனர். எனினும் அந்த ஏற்பாடு நெடுநாள் நீடிக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் மன்னர்கள் ஆட்சியுரிமை முழுவதையும் துறந்து, அதற்கு ஈடாக மானியம் பெற்றனர்.

ஐரோப்பாவில் ஆறு நாடுகள், நிலக்கரி, எஃகு ஆகியவற்றின் மீதான அதிகாரத்தைப் பொது அமைப்பிடம் ஒப்படைக்க 1951இல்தான் உடன்பட்டன. இறையாண்மையைப் பகிர்வது எத்துணை அரிது என்பதை இது உணர்த்தும்.

இணைப்பின் வரலாற்றை மேனன் 1956இல் நூலாக வெளியிட்டார். ஓய்வுக்காலத்தைப் பெங்களூரில் கழித்த அவர், 1965ஆம் ஆண்டின் இறுதி நாளில் அங்கேயே மறைந்தார்.